முதலாம் இராசராசனின் அரசாக்கம்: அளந்த நிலமும் எழுதிய பெயரும்

முன்னுரை

ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் பணியாற்றும் தமிழாசிரியர்களோடு உரையாடும் வாய்ப்பு நமக்குப் பலமுறை கிட்டியுள்ளது. சோழர் வரலாறு குறித்துப் பேச்செழும்போது, இராசராச சோழன் யார் என்னும் வினாவிற்கு மாணவர் தரும் விடைகள் பெரும்பாலும் இரண்டாகவே அமைவதாக ஆசிரியர் கூறுவர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் என்பது ஒன்று. கடாரத்தை வென்றவன் என்பது மற்றொன்று. முன்னது சரி; பின்னது பிழை. கடாரத்தின்மீது கடற்படை செலுத்தியவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். அப்படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் சோழர்க்கு நண்பனாகவே இருந்தான். அந்நட்பினைச் சான்றுரைக்கும் செப்பேடு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இப்பிழையைத் திருத்துவது எளிது. ஆனால் அதன் பின்னுள்ள பார்வையைத் திருத்துவது அத்துணை எளிதன்று. ஓர் அரசனின் பெருமை அவன் வென்ற நாடுகளாலும் எழுப்பிய கோபுரங்களாலும் மட்டுமே அளக்கப்படும் என்பதே அப்பார்வை. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனின் தனித்தன்மை வேறோரிடத்தில் உள்ளது என்பது நம் கருத்து. அவன் நிலத்தை அளந்தான், அளந்ததை எழுதினான், எழுதியதைக் கொண்டு ஆண்டான். ஏற்கெனவே இயங்கிவந்த ஊரவைகளையும் நாட்டவைகளையும் அழிக்காமல், அவற்றைத் தன் ஆட்சியின் கருவிகளாக்கிக் கொண்டான். இவ்வரசாக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதனையும், அதன் ஆவணங்களில் யார் பெயர் பெற்றனர், யார் பெறவில்லை என்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டப்புறங்களில் வேர்கொண்ட பேராக் மாநிலத் தமிழர்க்கு இவ்வினா வெறும் பழங்கதையன்று என்பதனையும் இறுதியில் சுட்ட விழைகின்றோம்.

1. மாஸ்கோவும் தஞ்சையும்

சிதறிக்கிடந்த ஆட்சிப் பகுதிகளை ஒரு மையத்தின்கீழ்க் கொணர்ந்த அரசர்களுள் உலக வரலாறு பெரிதும் பேசுவோருள் ஒருவன் மாஸ்கோவின் மூன்றாம் இவான். கி.பி. 1462 முதல் 1505 வரை ஆண்ட இவனுக்கும் இராசராசனுக்கும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளி உண்டு. எனினும் இருவரையும் அருகருகே வைத்து நோக்கும்போது சில செய்திகள் தெளிவு பெறுகின்றன.

இருவரும் அரசகுலப் பூசலின் நிழலில் வளர்ந்தவர்கள். இவானின் தந்தை இரண்டாம் வசீலி, உறவினரோடு நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் 1446இல் கண்கள் பறிக்கப்பட்டவன். இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டவன். இருவரும் தம் நாட்டெல்லையைப் பன்மடங்கு பெருக்கினர். இருவரும் நிலத்தைப் பதிவேட்டிற்குள் கொணர்ந்தனர். நோவ்கொரோட் என்னும் வணிகக் குடியரசை 1478இல் இணைத்துக்கொண்ட இவான், அங்கிருந்த நிலக்கிழார்களின் உடைமைகளைக் கவர்ந்து, தனக்குப் படைப்பணி புரிவோர்க்குப் பகிர்ந்தளித்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நிலங்கள் விரிவாகக் கணக்கெடுக்கப்பெற்றன. 1497இல் பொதுச் சட்டத் தொகுப்பு ஒன்றும் வெளியிடப்பெற்றது.

ஒற்றுமை இவ்வளவில் நிற்கின்றது. நோவ்கொரோட் மக்கள் தம் பேரவையைக் கூட்டுதற்கு அடிக்கும் மணி ஒன்று இருந்தது. அந்நகரைக் கைப்பற்றியதும் இவான் அம்மணியைக் கழற்றி மாஸ்கோவிற்குக் கொண்டுசென்றான். பேரவை அத்தோடு முடிவுற்றது. மையம் வலுப்பெற வேண்டுமாயின் ஊரின் குரல் அடங்க வேண்டும் என்பது அச்செயலின் பொருள். இராசராசன் சென்ற வழி இதுவன்று. அவன் ஆணைகள் ஊராரையும் நாட்டாரையும் விளித்தே எழுதப்பெற்றன. அவர்கள் கையாலேயே நிறைவேற்றப்பெற்றன. இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு சோழ நாட்டிற்குள் நுழைவோம்.

2. நெருக்கடியிலிருந்து எழுந்த ஆட்சி

இராசராசன் அரியணை ஏறியபோது சோழப் பேரரசு என ஒன்று இருந்ததாகக் கூறுதல் பொருந்தாது. 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனிடம் சோழர் தோற்றனர். இளவரசன் இராசாதித்தன் களத்தில் மாண்டான். தொண்டை மண்டலம் கைநழுவியது. சுந்தர சோழன் காலத்தில் நிலைமை ஓரளவு சீர்பெற்றது. ஆயினும் அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கொலையும், அதன்பின் இளைய மகன் அருள்மொழிவர்மனுக்கு முன்னதாக உத்தம சோழன் ஆட்சிக்கு வந்ததும், அரசகுடும்பத்துள் நிலவிய பிளவினைப் புலப்படுத்துகின்றன.

985இல் இராசராசனாக முடிசூடிய அருள்மொழிவர்மனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்தனைக் கொன்ற துரோகிகளுடைய உறவினரின் உடைமைகள் பறிமுதலாகி விற்கப்பட்டதைக் கூறுகின்றது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அரசனின் ஆணை அவ்வூர்ச் சபையினர்க்கே விடுக்கப்பட்டது. கொலைக்குற்றத்தின் பின்விளைவாகிய நடவடிக்கைகூட ஊரவையின் வழியாகவே நடந்தேறியுள்ளது.

இதன்பின் விரிவாக்கம் விரைந்து நிகழ்ந்தது. சேரரின் காந்தளூர்ச் சாலை, பாண்டிய நாடு, கங்கபாடி, நுளம்பபாடி ஆகியன அடிபணிந்தன. 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதி சோழர் வயமாயிற்று, அனுராதபுரம் அழிவுற்றது, பொலன்னறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றது. வேங்கி நாட்டில் போரோடு மணவுறவும் கைகொடுத்தது. இராசராசன் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணமுடிக்கப்பட்டாள். ஆட்சியின் இறுதிப் பகுதியில் மாலைத்தீவுகளும் வென்ற நாடுகளின் வரிசையில் இடம்பெற்றன.

இவ்வெற்றிகளை நாம் அறிவது எவ்வாறு? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்திக் கூறும் மெய்க்கீர்த்தி என்னும் மரபினை நிலைநிறுத்தியவன் இராசராசனே. நாடெங்கும் பொறிக்கப்பெறும் கல்வெட்டுகள் ஒரே முகவுரையோடு தொடங்குமாறு செய்ததும், புதிய வெற்றி கிட்டுந்தோறும் அம்முகவுரை நீண்டதும் தற்செயலானவையல்ல. ஊர்க்கோயிலுக்கு ஆடு விட்ட செய்தியைப் பொறிக்க வந்த கல்தச்சனும் அரசனின் வரலாற்றை முதலில் பொறிக்க நேர்ந்தது. மையத்தின் மொழி ஊரின் சுவருக்கு வந்து சேர்ந்த வழி இது.

3. நிலத்தை அளந்த அரசு

இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டளவில், அதாவது 1001ஆம் ஆண்டினை ஒட்டி, சோழ நாட்டு நிலங்கள் அளக்கப்பெற்றன. அப்பணிக்குத் தலைமை ஏற்ற சேனாபதி குரவன், உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயரும் இராசராச மாராயன் என்னும் பட்டமும் பெற்றான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நிலக் கணக்கெடுப்பு நடத்திய ஆண்டு 1086. அதே ஆண்டில் முதலாம் குலோத்துங்கன் சோழ நாட்டை மீண்டும் அளப்பித்தான் என்பது வரலாற்று மாணவர் பலரும் அறிந்த செய்தி. இராசராசனின் அளவை அவ்விரண்டிற்கும் ஏறத்தாழ 85 ஆண்டுகள் முற்பட்டது.

அளவையின் நுண்மை வியப்பிற்குரியது. வேலி என்னும் அலகு மா, காணி, முந்திரி எனப் பகுக்கப்பட்டது. ஒரு வேலியின் 320இல் ஒரு பங்கு முந்திரி. அம்முந்திரியையும் 320 கூறாக்கினால் கிடைப்பது கீழ் முந்திரி. அதனையும் கடந்து பின்னங்கள் தொடர்கின்றன. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊரின் நிலமும் இத்தகைய நீண்ட பின்ன வரிசையோடு குறிக்கப்பெறுகின்றது. அத்துணைச் சிறு நிலத்துண்டினைக் களத்தில் அளந்திருக்க இயலாது. இவை கணக்கரின் ஏட்டில் பிறந்த எண்கள். ஆயினும் அதுவே நாம் கவனிக்க வேண்டியது. வயலில் கோல் பிடித்தவரோடு, ஓலையில் கணக்கு எழுதியவரும் பெருந்தொகையாய் இருந்தாலன்றி இவ்வெண்கள் தோன்றியிரா.

அளவையின் பயன் யாது? வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த உக்கல் என்னும் ஊரில் உள்ள இராசராசனின் இருபத்து நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. சோழ, தொண்டை, பாண்டிய மண்டலங்களில் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் நிலம் பெற்றிருந்தும், பதினாறாம் ஆண்டு தொடங்கி இருபத்து மூன்றாம் ஆண்டு வரை வரி செலுத்தாதோரின் நிலங்களை அவ்வவ்வூராரே கைப்பற்றி விற்கலாம் என்பது அதன் சாரம். கணக்குத் தொடங்கும் ஆண்டினை நோக்குக. பதினாறாம் ஆண்டு நில அளவையின் காலத்தோடு ஒத்துப்போகின்றது. எட்டாண்டு நிலுவை ஆண்டுவாரியாக அரசின் ஏட்டில் இருந்துள்ளது. மூன்று மண்டலங்களுக்கும் ஒரே ஆணை பொருந்தியுள்ளது. பிராமணர் ஊரும் விலக்குப் பெறவில்லை. அதே நேரத்தில், பறிமுதல் செய்யும் உரிமை அரச அலுவலர்க்கன்றி ஊரார்க்கே வழங்கப்பட்டுள்ளது. மையமும் ஊரும் ஒன்றையொன்று தாங்கிய நிலையினை இதனினும் சுருக்கமாகக் காட்டும் சான்று அரிது.

4. வளநாடும் ஆனைமங்கலமும்

அளந்த நிலத்தை ஆள்வதற்குப் புதிய எல்லைகள் தேவைப்பட்டன. நாடு என்பது வேளாண் ஊர்கள் இயல்பாக ஒன்றுசேர்ந்து உருவான பழைய அமைப்பு. அதன் தலைவர்கள் நாட்டார். இராசராசன் நாடுகளுக்கு மேலே வளநாடு என்னும் புதிய பிரிவினை ஏற்படுத்தினான். அருமொழிதேவ வளநாடு, சத்திரியசிகாமணி வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு, நித்தவிநோத வளநாடு, பாண்டியகுலாசனி வளநாடு என அவற்றின் பெயர்கள் யாவும் அரசனின் பெயர்களும் பட்டங்களுமாகவே அமைந்தன. ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாகக் கொண்ட இவ்வளநாடுகள், சில இடங்களில் பழைய நாடுகளை ஊடறுத்தும் சென்றன. வென்ற நிலங்களும் இவ்வாறே பெயர் பெற்றன. பாண்டிய நாடு இராசராச மண்டலமாயிற்று. ஈழம் மும்முடிச் சோழ மண்டலமாயிற்று. ஒருவர் தம் ஊரைக் குறிப்பிட வேண்டுமாயின் அரசனின் பெயரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டிய நிலை உருவாயிற்று.

இவ்வமைப்பு இயங்கிய விதத்தினை ஆனைமங்கலச் செப்பேடுகளில் காணலாம். நெதர்லாந்தின் இலெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் இலெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கப்பெறும் இத்தொகுதியில் பெரியது 21 ஏடுகளைக் கொண்டது. ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்தவை. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரைக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராசராசன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில் வழங்கினான். நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. அதன் நெல் வருவாய் 8,943 கலத்திற்குச் சற்று மிகுதி. மலேசிய மாணவர்க்கு இச்செப்பேடு இருமடங்கு சுவையுடையது. கடாரம் என்பது நம் கெடா மாநிலத்தோடு இணைத்துப் பேசப்பெறும் பெயர். சைவனாகிய சோழ மன்னன், கடல் கடந்த அரசன் ஒருவனின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் அளித்தான் என்பது, கடாரம் என்றாலே படையெடுப்பினை மட்டும் எண்ணுவோர்க்கு மறுபக்கத்தைக் காட்டும்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது அச்செப்பேடு விரித்துரைக்கும் நடைமுறையே. அரசன் தஞ்சை மாளிகை மண்டபத்தில் அமர்ந்து ஆணையை வாய்மொழியாகக் கூறுகின்றான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுதுகின்றான். திருமந்திர ஓலை நாயகம் எனப்பெறும் மேலலுவலர்கள் ஒப்புதல் அளிக்கின்றனர். பின்னர் வரித்துறையினர் கூடிப் பதிவேட்டில் ஏற்றுகின்றனர். அதன்பின் ஆணை நாட்டார்க்கு அனுப்பப்படுகின்றது. நாட்டார் எதிர்சென்று வணங்கி, அவ்வோலையைத் தலைமேல் வைத்து ஏற்கின்றனர். பெண் யானையை ஊரெல்லை சுற்றி நடத்திச் செல்கின்றனர். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிக்கின்றனர். முடிவில் தாமே அறவோலை எழுதிக் கையொப்பமிடுகின்றனர். அரசன் வாய்திறந்த நாளுக்கும் ஊரெல்லையில் கள்ளி நட்ட நாளுக்கும் இடையே பல கைகள் மாறியுள்ளன. ஒவ்வொரு கைக்கும் பெயரும் பதவியும் உண்டு. எந்த ஒரு படியினையும் விட்டுவிட்டு ஆணை செயற்பட்டதாகத் தெரியவில்லை.

5. அறிஞர்தம் கருத்து வேறுபாடு

சோழ அரசின் இயல்பு குறித்து அறிஞரிடையே நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது. 1930களில் சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார், திறமான அலுவலர் அமைப்பினையுடைய வலுவான மைய அரசாகவும், அதே வேளையில் ஊர்த் தன்னாட்சி தழைத்த அரசாகவும் அதனைக் கண்டார். 1980இல் வெளிவந்த தம் நூலில் பர்ட்டன் ஸ்டைன் இதனை மறுத்தார். நாடுகளே உண்மையான அதிகார அலகுகள் என்றும், காவிரிப் படுகைக்கு அப்பால் சோழ மன்னன் பெற்றது சடங்குசார்ந்த தலைமையே என்றும் அவர் வாதிட்டார். ஜார்ஜ் ஸ்பென்சர் சோழரின் படையெடுப்புகளைச் சூறைப்பொருள் நாடிய செயல்களாக விளக்கினார்.

நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் வேறொரு வழியைத் தேர்ந்தனர். தெரிந்தெடுத்த சில கல்வெட்டுகளை மேற்கோள் காட்டி வாதிடுவதற்கு மாறாக, ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பதவிப்பெயர்களையும் வரிப்பெயர்களையும் தொகுத்து எண்ணினர். 1978இல் வெளிவந்த பெயரடைவு அம்முயற்சியின் விளைவு. முதலாம் இராசராசன் காலம் தொடங்கி அரச அலுவலர் பற்றிய குறிப்புகள் பெருகுவதனையும், புரவுவரித் திணைக்களம் என்னும் வரித்துறை பல படிநிலை அலுவலர்களோடு வளர்வதனையும் அவர்தம் ஆய்வு வெளிப்படுத்தியது. ஸ்டைனின் கொள்கை இச்சான்றுகளுக்கு முன் நிற்க இயலவில்லை என்பது நம் துணிபு. ஆயினும் நாட்டாரின் முதன்மையை அவர் வலியுறுத்தியது வீணன்று. உக்கல் கல்வெட்டும் ஆனைமங்கலச் செப்பேடும் காட்டுவது நாட்டாரும் ஊராரும் இல்லாத மையத்தையன்று. அவர்களின் வழியாக இயங்கிய மையத்தையே.

6. பெயர் பெற்றோரும் பெறாதோரும்

இராசராசனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 1010இல், தஞ்சை இராசராசேச்சுரத்தின் விமான உச்சியில் கலசம் வைக்கப்பெற்றது. அக்கோயிலின் கட்டடச் சிறப்பு பலரும் பேசியது. நாம் அதன் சுவர்களை ஒரு பதிவேடாக நோக்க விழைகின்றோம். அரசனும் அவன் தமக்கையும் அரசியரும் பிறரும் அளித்த கொடைகள் எடையோடும் அளவோடும் அங்குப் பொறிக்கப்பெற்றுள்ளன. திருப்பதியம் பாட 48 பேர், அவர்க்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என ஐம்பதின்மர்க்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் வகுக்கப்பட்டது.

இவற்றினும் விரிவானது தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பட்டியல். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து தஞ்சைக்கு வரவழைக்கப்பெற்ற இம்மகளிர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பெறும் ஒரு பங்கு வழங்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ அகன்றாலோ அவருடைய உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறும் முறையும் கூறப்பட்டுள்ளது. ஒவ்வொருவரும் எத்தெருவில், எச்சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பன பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளன. நானூறு பெண்களை ஓர் ஆணையால் இடம்பெயர்க்கும் ஆற்றல் அவ்வரசுக்கு இருந்தது என்பது ஒருபுறம். அவர்கள் வந்த ஊரினை மறவாமல் எழுதும் ஒழுங்கும் அதற்கு இருந்தது என்பது மறுபுறம்.

அதே சுவர்களில் வேறு வகைப் பட்டியலும் உண்டு. கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களின் மொத்த நிலத்தைக் கூறி, வரி இறாத நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கு வருவாய் கணக்கிடுகின்றன அக்கல்வெட்டுகள். கழிக்கப்படும் நிலங்களில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியனவும் இடம்பெறுகின்றன. பறையர்க்குத் தனிச் சுடுகாடும் குறிக்கப்பட்டுள்ளது. வரி விலக்கு என்பதனால் இஃது ஒரு சலுகைபோல் தோன்றலாம். உண்மையில் அங்கு வாழ்ந்தோர் அவ்வேட்டில் ஒரு நிலத்துண்டின் பெயராக மட்டுமே உள்ளனர். அவ்வயல்களில் உழைத்தோருள் அவர்களும் அடங்குவர். ஆனால் அவருள் ஒருவரின் பெயரும் அப்பட்டியலில் இல்லை. கீழ் முந்திரி வரை கணக்கிட்ட ஏட்டின் கண்ணில் அச்சேரியின் பரப்பளவு பட்டது. அங்கு வாழ்ந்த ஆள் படவில்லை.

மையப்படுத்திய அரசின் பெருமையும் குறையும் ஒரே ஆவணத்தில் இருப்பதனை ஆய்வாளர் மறைத்தல் கூடாது. பொற்காலம் எனப் போற்றுவோர் முதற்பட்டியலையும், ஒடுக்குமுறை எனத் தூற்றுவோர் இரண்டாம் பட்டியலையும் மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் எழுதியது ஒரே கணக்கர் மரபே.

7. பேராக் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற சில இரப்பர்க் கன்றுகளைப் பேராக் மக்கள் நன்கறிவர். பின்னர் எழுந்த தோட்டங்களுக்குத் தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் கொணரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. வந்தோருள் கணிசமானோர் சேரிகளிலிருந்து புறப்பட்ட நிலமற்ற உழவுத் தொழிலாளர். பதினொன்றாம் நூற்றாண்டின் பறைச்சேரியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் லயத்து வீட்டிற்கு நேர்கோடு இழுத்தல் ஆய்வு நெறியாகாது. இடையே ஒன்பது நூற்றாண்டுகளின் மாற்றங்கள் உள்ளன. எனினும் ஏட்டில் எவர் எவ்வாறு எழுதப்படுகின்றனர் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது.

தோட்டத்திலும் ஏடு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் தொழிலாளர் வரிசையாய் நிற்க, கிராணி செக்ரோலில் பேர் போடுவார். வேலை நாள், பால் அளவு, முன்பணம், பிடித்தம் ஆகிய யாவும் அதில் ஏறும். நம் தந்தைவழிப் பாட்டியார் செம்மோருக்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அத்தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாய் மாறுவதற்குச் சில காலம் முன்னர், எஞ்சியிருந்த பதிவேடுகளைக் காணச் சென்றோம். கிடைத்த ஒரேயோர் ஏட்டில் அவருக்குரிய இடத்தில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் வேலை நாள்களும் இருந்தன. ஊர் இல்லை, தந்தை பெயர் இல்லை. குடும்பத்தில் எஞ்சிய நினைவு தஞ்சாவூர்ப் பக்கம் என்னும் இரு சொற்களே. தஞ்சைக் கல்வெட்டில் நானூறு பெண்களின் ஊர்ப்பெயர்களைப் படிக்குந்தோறும் அவ்வேடு நம் நினைவிற்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

இது தனிக்குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று. நாடு விடுதலை பெற்ற பின்னர், பிறப்பினையோ குடியிருப்பினையோ மெய்ப்பிக்கும் தாள்கள் இன்மையால் குடியுரிமை பெற இயலாது தவித்த தோட்டத் தமிழர் பலர். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து மறைந்த முதியோரைப் பேராக்கில் அறியாதார் இலர். ஏட்டில் ஒரு வரி இல்லாமை ஒரு தலைமுறையின் வாழ்வினை எவ்வாறு திருப்பக்கூடும் என்பதனை நம் ஆசிரியர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதலின் இராசராசனைக் கற்பிக்கும் முறையில் மூன்று மாற்றங்களை நாம் முன்மொழிகின்றோம். முதலாவதாக, வெற்றிகளின் பட்டியலுக்கு மாறாக ஓர் ஆவணத்திலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். ஆனைமங்கலச் செப்பேடு கூறும் ஆணையின் பயணத்தை மாணவர் படிப்படியாக வரைந்து காட்டட்டும். கடாரம் பற்றிய பிழையும் அங்கேயே நீங்கும். இரண்டாவதாக, கல்வெட்டின் இருவகைப் பட்டியல்களையும் அருகருகே வைத்து, யார் பெயர் உள்ளது, யார் பெயர் இல்லை என வினவச் செய்யலாம். மூன்றாவதாக, மாணவர் தம் வீட்டு முதியோரிடம் சென்று, அவர் பெயர், பெற்றோர் பெயர், வந்த ஊர், வாழ்ந்த தோட்டம், லயம் ஆகியவற்றை எழுதி வரலாம். சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் தோட்டங்களோடு தோன்றிய தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் மறைந்த பின்னரும் பணியாற்றி வருகின்றன. அவ்வேடுகளைப் பாதுகாக்கும் தகுதி அவற்றிற்கு உண்டு.

முடிவுரை

முதலாம் இராசராசன் சிதறிய நாட்டை ஒன்றிணைத்தான் என்பது உண்மை. வாளால் பெற்றதை அளவுகோலாலும் எழுத்தாணியாலும் நிலைநிறுத்தினான் என்பது அதனினும் முதன்மையான உண்மை. மூன்றாம் இவான் பேரவையின் மணியைக் கழற்றினான். இராசராசன் நாட்டாரைக் கொண்டே எல்லைக்கல் நடுவித்தான். அவ்வாறு எழுந்த ஆட்சிமுறை, மன்னன் மறைந்த பின்னரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வலுவோடு நின்றது. அதன் ஏடுகள் சிலர்க்கு முகவரி தந்தன. சிலரை நிலக் கணக்கில் கழித்தன. சோழர் பெருமையைப் பேசும் உரிமை நமக்கு உண்டு. அப்பெருமையைச் சான்றுகளோடு, அவற்றின் குறைகளையும் மறையாது, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் கடமையும் நமக்கு உண்டு. அக்கடமையின் ஒரு பகுதியை இம்மாநிலத்தில் இன்னும் உயிரோடுள்ள தோட்டத்து முதியோரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவர்தம் ஊர்ப்பெயர்களை எழுதிவைக்க நமக்கு எஞ்சியுள்ள காலம் மிகுதியன்று.